வலிமையின் வேதியியல்

நுழையும்முன்

பளுவைத் தூக்கும் கை எதனால் இயங்குகிறது? அக்கை ஓய்ந்தபின் உடலின் காவல் அணுக்கள் என்ன செய்கின்றன? இவ்விரு வினாக்களையும் இன்றைய அறிவியல் ஒருங்கே ஆராய்கிறது. முதல் வினாவின் விடைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், இரண்டாவதன் விடையில் இடம்பெறும் இன்றியமையாத பொருளொன்றை உலகுக்கு மருந்தாக்கித் தந்த குழுவுக்கும் தலைவராக விளங்கினார். சென்னையில் கற்று, கடல் கடந்து சென்று உழைத்த அவ்வறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

*

அதிகாலையில் ஆவடியின் படைப்பயிற்சித் திடல்களில் இளைஞர்கள் ஓடுகின்றனர். மாலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பணிநேரம் முடிந்ததும், அப்பகுதி உடற்பயிற்சிக்கூடங்களில் இரும்புத் தட்டுகளின் ஓசை கேட்கத் தொடங்குகிறது. பூவிருந்தவல்லிச் சாலையோரக் கடைகளில் பளு தூக்குவோர்க்கான பொடிகள் டப்பா டப்பாவாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றின்மீது கிரியாட்டின் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை வாங்குவோர் பலர். தசைக்குள் அப்பொருள் ஆற்றும் பணியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர், திருவல்லிக்கேணியில் பள்ளிப்படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். அவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

வறுமையும் நோயும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் செகந்நாதம் வருவாய்த்துறையில் சிறு பணியில் இருந்தவர். உடல்நலம் குன்றிப் பணியைத் துறந்தார். குடும்பச் சுமை தாயார் வெங்கம்மாவின் தோள்மேல் விழுந்தது. பதின்மூன்றாம் அகவையில் சுப்பாராவ் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். காசிக்குச் சென்று, அங்கு வரும் வழிபாட்டுப் பயணிகளுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டுவது அவருடைய எண்ணம். தாயார் ஆள் அனுப்பித் தடுத்து, மீண்டும் பள்ளியில் சேர்த்தார். அத்தாயின் கண்டிப்பு இல்லாதிருந்தால் இவ்வரலாறு எழுதப்பட்டிராது.

படிப்பு எளிதில் கைகூடவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறையே சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார். துறவு பூணும் விருப்பமும் இக்காலத்தில் அவருக்கு இருந்தது. மருத்துவம் கற்றுத் தொண்டாற்றலாம் என்னும் எண்ணமே அவரை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்தது. கல்விச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் அவருடைய மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினர்.

மருத்துவக் கல்லூரியிலும் சோதனை காத்திருந்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, கதரால் தைத்த மேலாடையையே அறுவைப் பயிற்சியின்போது அவர் அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்தைத் தூண்டியது. ஏனைய தாள்களில் நன்கு எழுதியிருந்தும், முழு மருத்துவப் பட்டமான எம்.பி.பி.எஸ். அவருக்கு வழங்கப்படவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியிலும் இடம் கிட்டவில்லை.

அதற்கிடையே பேரிடி ஒன்று குடும்பத்தின்மீது விழுந்தது. அவருடைய உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். அவர்களைக் கொன்ற நோய் ஸ்புரூ எனப்பட்டது. வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் இந்நோயில் குடல் உணவின் சத்தை உறிஞ்சாது. ஓயாத வயிற்றுப்போக்கு உண்டாகும், குருதி வெளிறும், தசை கரையும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். அன்றைய மேலை மருத்துவத்தில் இதற்கு உறுதியான மருந்து இல்லை. சுப்பாராவையும் இந்நோய் பற்றியது. ஆங்கில மருத்துவமும் ஆயுர்வேதமும் ஒருங்கே கற்ற அச்சந்த லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் தேறினார். அந்த லட்சுமிபதி தலைமை ஏற்றிருந்த சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவுக்கு உடற்கூற்றியல் விரிவுரையாளர் பணியும் கிடைத்தது. பின்னாளில் ஆவடிக்கு அருகில் ஆரோக்கிய ஆசிரமம் நிறுவியவரும் இவரே.

தம்மைப் பிழைக்கவைத்த மருந்தில் இருந்த பொருள் எது என்னும் வினா சுப்பாராவை விடாது பற்றிக்கொண்டது. அதற்கு விடை காணும் ஆய்வுக்கூடம் இங்கு இல்லை. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் அளித்த பொருளுதவியோடு, மனைவி சேசகிரியைத் தாயகத்தில் விட்டு, அவர் கப்பலேறினார். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மீண்டும் அவர் இந்திய மண்ணை மிதிக்கவில்லை.

நீல நிறம் சொன்ன செய்தி

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். சென்னைச் சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணிபுரிய இயலாது. ஆகவே இரவு நேரங்களில் மருத்துவமனையில் நோயாளிகளின் கழிகலன்களைத் தூய்மை செய்யும் வேலையை ஏற்றார். பட்டயம் பெற்றபின், சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியலாரின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது.

குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் கணக்கிட எளிய முறை ஒன்றை வகுப்பதே அவருக்கு இடப்பட்ட முதற்பணி. பாஸ்பேட்டு உள்ள கரைசலோடு குறிப்பிட்ட வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும்; அந்நிறத்தின் செறிவைக் கொண்டு அளவை அறியலாம். 1925இல் வெளியான இம்முறை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் நிலைபெற்றது.

இம்முறையைத் தசைச்சாற்றில் பயன்படுத்தியபோது விந்தை ஒன்று நிகழ்ந்தது. நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றாமல், சிறிது சிறிதாக ஏறியது. வேறொருவராயின் இதைச் சோதனைப் பிழை என்று தள்ளியிருக்கக்கூடும். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அவ்வாறு செய்யவில்லை. எளிதில் சிதையும் சேர்மம் ஒன்று தசைக்குள் இருக்கிறது. அது சோதனைக் குழாயிலேயே மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை வெளிவிடுகிறது. அதனால்தான் நிறம் தாமதமாக ஏறுகிறது என்று கண்டனர். அச்சேர்மமே பாஸ்போகிரியாட்டின். தசை சுருங்கும்போது அது குறைவதையும், தசை ஓய்வெடுக்கும்போது மீண்டும் உருவாவதையும் 1927இல் வெளியிட்டனர். அதே காலத்தில் இங்கிலாந்திலும் எகில்டன் இணையர் இச்சேர்மத்தை வேறு வழியில் நெருங்கியிருந்தனர்.

இக்கண்டுபிடிப்பின் எடையை உணர்வதற்கு அன்றைய கொள்கையை அறிதல் வேண்டும். தசையின் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அந்நாளில் அறிவுலகம் நம்பியது. தசை குறித்த ஆய்வுகளுக்காக இல், மேயர்ஹோஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. அத்தகைய கொள்கையை அசைத்தவற்றுள் சென்னை இளைஞரின் நீல நிறச் சோதனையும் ஒன்று. இரண்டாண்டுகளில், அதாவது 1929இல், ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் முப்பாஸ்பேட்டையும் இருவரும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். செருமனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டறிந்தார். உயிருள்ள அணு ஒவ்வொன்றும் தன் பணிக்குச் செலவிடும் நாணயம் ஏ.டி.பி. ஆகும். தசையில் இருப்பில் உள்ள ஏ.டி.பி. சில நொடிகளுக்கே போதும். பளுவைத் தூக்கும் கணத்தில் அது தீரத் தீர, பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டை அளித்து அதனைப் புதுப்பிக்கிறது. அந்தச் சேமிப்பும் ஏறத்தாழ பத்து நொடிகளில் பெரிதும் கரைகிறது. மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் தேவை. ஒருமுறை பளு தூக்கியவர் அடுத்த முறைக்கு முன் சற்று அமர்ந்து இளைப்பாறுவதன் காரணம் இதுவே.

தசை ஓய்ந்தபின்

சுப்பாராவின் ஆய்வு தசைச் சுருக்கத்தின் ஆற்றலோடு நின்றது. அத்தசை உழைக்கும்போதும் ஓய்ந்தபின்னும் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் என்ன செய்கின்றன என்பதைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். அதனை இங்கு அறிந்துகொண்டால் சுப்பாராவின் பிற்காலப் பணி நன்கு விளங்கும்.

கடும்பளுவைத் தூக்குபவரின் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, குருதியோட்டம் விரைகிறது. மண்ணீரலிலும் குருதிக்குழாய்ச் சுவர்களிலும் ஒதுங்கியிருந்த வெள்ளணுக்கள், குறிப்பாக இயற்கைக் கொல்லி அணுக்கள், சில நிமிடங்களில் குருதிக்குள் பெருகி வருகின்றன. பயிற்சி முடிந்து ஓரிரு மணிநேரத்தில் அவற்றின் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் குறைகிறது. உடல் காவலிழந்து நிற்பதன் அறிகுறியே இது என்று முன்பு கருதினர். அவ்வணுக்கள் மடிவதில்லை, நுரையீரல், குடல் முதலிய இடங்களுக்குக் காவல் சுற்றச் செல்கின்றன என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. ஒரு நாளுக்குள் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்புகிறது.

தசைக்குள் நிகழ்வது இதனினும் நுட்பமானது. பழகாத பளுவைத் தூக்கும்போது, அதிலும் அதனை மெல்லக் கீழிறக்கும்போது, தசைநார்களில் நுண்ணிய கீறல்கள் உண்டாகின்றன. சில மணிநேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கு வந்து சேர்கின்றன. அவற்றைத் தொடர்ந்து பெருவிழுங்கணுக்கள் வருகின்றன. முதலில் சிதைவுகளை விழுங்கித் துப்புரவு செய்யும் இவ்வணுக்கள், பின்னர்த் தம் இயல்பையே மாற்றிக்கொண்டு, புதிய தசைநார் வளர்வதற்குத் துணைநிற்கின்றன. பயிற்சி தொடங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல் வலிப்பது இப்பழுதுபார்ப்பின்போதுதான். தசை வலுப்பெறுவதில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் பங்கு உண்டு என்பதே இதன் பொருள்.

தசையும் அம்மண்டலத்துக்குக் கைம்மாறு செய்கிறது. உழைக்கும் தசை இன்டர்லியூக்கின்-6 என்னும் பொருளைக் குருதியில் கலக்கிறது என்பதையும், அது அளவுமீறிய அழற்சியைத் தணிக்க உதவுகிறது என்பதையும் டென்மார்க்கின் பென்டே பெடர்சனும் அவர் குழுவினரும் விளக்கினர். வெள்ளணுக்களுக்கு எரிபொருளாகும் குளூட்டமின் என்னும் அமினோ அமிலத்தின் பெரும் சேமிப்பிடமும் தசையே. முறையாக உடற்பயிற்சி செய்யும் முதியோரிடம் தடுப்பூசியின் பயன் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், உறக்கமும் உணவும் இன்றி நாள்தோறும் உடலை வருத்துவோர் இப்பயனை இழப்பர். கிரியாட்டின் பொடியை உண்டால் நோய் அண்டாது என்பது கடைக்காரர் கூற்றாக இருக்கலாம், அறிவியலின் கூற்றன்று.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு தேவை இருக்கிறது. கிருமி ஒன்று உடலுள் நுழையும்போது அதனை அடையாளம் காணும் நிணநீரணுக்கள் மிகச் சிலவே. அச்சில அணுக்கள் சில நாள்களில் பல்லாயிரமாகப் பெருக வேண்டும். பெருகும் ஒவ்வோர் அணுவுக்கும் புதிய டி.என்.ஏ. வேண்டும். அதனை உருவாக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். இவ்விடத்தில் சுப்பாராவ் மீண்டும் வருகிறார்.

கீரையில் இருந்த மருந்து

1930இல் ஆர்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற சுப்பாராவுக்கு அங்கு நிலையான பதவி வழங்கப்படவில்லை. அவருடைய உழைப்பில் விளைந்த வேறு சில கண்டுபிடிப்புகள் உரிய காலத்தில் வெளிவராமல், பின்னாளில் பிறரால் மீண்டும் கண்டறியப்படும் நிலையும் ஏற்பட்டது. தம் பெயரை முன்னிறுத்தும் வழக்கம் அவரிடம் இல்லை. அது பண்பாயினும், அறிவியல் வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தைக் குறைத்துவிட்டது.

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் அவர் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். சென்னையிலிருந்து சுமந்துவந்த வினாவைத் தொடர இப்பொழுதுதான் வாய்ப்புக் கிடைத்தது. இவ்வினாவின் ஒரு நுனி இந்தியாவிலேயே அவிழ்க்கப்பட்டிருந்தது. பம்பாயின் கருவுற்ற பெண்களிடம், குறிப்பாக ஆலைத் தொழிலாளரிடம், காணப்பட்ட சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈஸ்ட்டுச் சாற்றினால் அது தீர்வதை 1930ஆம் ஆண்டளவில் கண்டிருந்தார். ஈரலிலும் கீரைகளிலும் அப்பொருள் உண்டு எனத் தெரிந்தது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் பிறந்தது. எனினும், ஈரலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது மிகச் சிறிதளவே. சுப்பாராவின் தலைமையில் பணிபுரிந்த குழு 1945இல் அதனை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டியது. அவ்வமிலம் ஸ்புரூ நோயாளிகளைத் தேற்றுவதும் விரைவில் உறுதியாயிற்று. உடன்பிறந்தார் மாண்டு இருபதாண்டுகளுக்கும் மேலான பின், அவர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்தது.

அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டுமெனில், கட்டுக்கடங்காமல் பெருகும் அணுக்களை அதன் வழியை அடைத்து நிறுத்தலாம் அன்றோ? பாஸ்டனில் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயோடு போராடிய மருத்துவர் சிட்னி ஃபார்பர் இவ்வழியை நாடினார். சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலத்தைப் போன்ற உருவமும் அதற்கு எதிரான செயலும் கொண்ட அமினோப்டெரினை உருவாக்கி அவருக்கு அளித்தது. அதுவரை சில மாதங்களில் உறுதியாக மடிந்துவந்த குழந்தைகளுள் பலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் ஃபார்பர் வெளியிட்டார். புற்றுநோயை மருந்தால் எதிர்கொள்ளும் காலம் இதனால் தொடங்கிற்று எனலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்டு, நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலின் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாத நோய்க்குக் குறைந்த அளவில் இன்றும் வழங்கப்படுகிறது. பெருக வேண்டிய காவலணுக்களைப் பெருகச் செய்யும் பொருளும், எல்லை மீறுவனவற்றை அடக்கும் பொருளும் ஒரே ஆய்வகத்தின் அடுத்தடுத்த மேசைகளில் பிறந்தன.

லெடர்லியில் அவருடைய தலைமையில் நிகழ்ந்தவை இவை மட்டுமல்ல. பணி ஓய்வு பெற்றிருந்த தாவரவியலார் பெஞ்சமின் டக்கர், அங்குச் சேர்ந்து மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்கிளின் வகையைச் சேர்ந்த முதல் உயிர்எதிரி மருந்து அதுவே; 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. யானைக்கால் நோய்க்கான டை-எத்தில் கார்பமசின் மருந்தும் அவருடைய குழுவின் ஆக்கமே. தமிழ்நாட்டின் யானைக்கால் நோய் ஒழிப்புப் பணியில் வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரை அது.

1948 ஆகத்து மாதத்தில், ஃபார்பரின் கட்டுரை வெளியான இரண்டே மாதங்களில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இதயம் நின்று மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. கால்நூற்றாண்டு அங்கு வாழ்ந்தும் அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே அவர் வாழ்வு முடிந்தது. நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. 1953இல் புதிதாக வகைப்படுத்தப்பட்ட பூஞ்சை ஒன்றுக்கு, அவருடைய ஆய்வகத்தைச் சேர்ந்த அறிஞர் அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டார். இந்திய அஞ்சல்துறை அவருடைய நூற்றாண்டான 1995இல் அஞ்சல்தலை வெளியிட்டது.